மூன்று வீடும் ஒரு வாளியும்

எங்கள் ஓய்வுபெற்றோர் சங்கம் மலர் போடுகிறது. ஆளுக்கு ஒரு பணிக்கால அனுபவம் எழுதித் தரச் சொன்னார்கள். உலைப் பிரிவில் இருந்தவர்கள் எழுதுகிறார்கள், பாதுகாப்புப் பிரிவில் இருந்தவர்கள் எழுதுகிறார்கள், அவர்களுக்கெல்லாம் தீயும் திருடனும் கிடைத்திருக்கிறார்கள். நான் என்ன எழுதுவது? என் பணிக்காலத்தின் பெரும்பகுதி அடுத்தவர் வீட்டுக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்து பார்ப்பதில் கழிந்தது. மலர்க் குழுவில் இருக்கும் இளைய நண்பரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "இப்பல்லாம் கம்ப்யூட்டர்ல ஏரியா பேரைத் தட்டினா மூணு வீட்டைப் பக்கத்துல பக்கத்துல வெச்சு வாடகையைக் காட்டிடுது சார். நீங்க எதுக்கு ஜீப்புல சுத்துனீங்க?" என்று கேட்டார். குழாயில் தண்ணீர் வருமா என்றும் அது காட்டுமா என்று கேட்டேன். அதைக் குடிபோன பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். அவர் இருக்கும் அடுக்ககத்தில் லாரித் தண்ணீர்தான் என்பது எனக்குத் தெரியும். சரி, எழுதியே விடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

எனக்கு ஊர் வாணியம்பாடி. தட்டெழுத்துப் படித்த தகுதியில் பெங்களூரில் ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் சேர்ந்து, சில வருடம் ஸ்டோரில் நட்டும் போல்ட்டும் எண்ணினேன். தொண்ணூற்றொன்றில் குடியிருப்புப் பிரிவில் ஒருவர் ஓய்வு பெற, என்னைத் தூக்கி அங்கே போட்டார்கள். வெளியூர்களிலிருந்து மாற்றலாகி வரும் அதிகாரிகளுக்குக் கொடுக்க நிறுவனத்திடம் போதுமான குவார்ட்டர்ஸ் கிடையாது. அதனால் அதிகாரியே தனக்குப் பிடித்த வீட்டைத் தேடிக்கொள்ளலாம். நிறுவனம் அதை லீஸுக்கு எடுத்து, வீட்டுக்காரருக்கு நேரடியாக வாடகை கொடுத்துவிடும். அந்த வாடகை நியாயமானதுதான் என்று எங்கள் பிரிவு மட்டும் சொல்ல வேண்டும். அதற்கு அதே வட்டாரத்தில் மூன்று வீடுகளைப் பார்த்து, சதுரத்துக்கு என்ன வாடகை என்று கணக்குப் போட்டு ஒப்பிட வேண்டும். பெங்களூரில் வீட்டை நூறு சதுர அடி கொண்ட சதுரக் கணக்கில்தான் பேசுவார்கள். அந்த மூன்று வீடு யாருடையது, அங்கே வாடகை கொடுப்பது யார் என்றெல்லாம் விதியில் ஒரு வார்த்தையும் இல்லை. யாரும் அதைப் பற்றி யோசித்ததும் இல்லை.

பிரிவுக்குத் தலைவி ஸ்டெல்லா மேடம். ரிச்சர்ட்ஸ் டவுனில் தலைமுறைகளாக இருக்கும் தமிழ்க் குடும்பம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடுகிறவர் என்பதால் குரல் எப்போதும் சுதியிலேயே இருக்கும், திட்டும்போதும் சுதி விலகாது. கஞ்சி போட்ட பருத்திப் புடவை, ஆண்கள் கட்டும் பெரிய கைக்கடிகாரம், கையில் சிவப்புப் பிளாஸ்டிக் வாளி. அந்த வாளி நிறுவனச் சொத்து. அதன் வயிற்றில் வெள்ளைப் பெயின்டில் சொத்து எண் எழுதியிருக்கும். தணிக்கைக்கு வந்த ஒருவர், மேசையும் நாற்காலியும் சரி, குடியிருப்புப் பிரிவுக்கு வாளி எதற்கு என்று கேட்டார். "வாடகை அளக்க" என்று சொல்லிவிட்டு மேடம் அடுத்த ஃபைலை எடுத்துக்கொண்டார். மற்றப் பிரிவுக்காரர்கள் எங்களை வாளி டிபார்ட்மென்ட் என்பார்கள். நாங்களும் நாளடைவில் அப்படியே சொல்ல ஆரம்பித்துவிட்டோம்.

வீடு பார்க்கப் போனால் ஜீப்பை இரண்டு தெரு தள்ளித்தான் நிறுத்த வேண்டும். நிறுவனத்தின் பெயர் எழுதிய ஜீப் வாசலில் நின்றால், நாம் படியேறுவதற்கு முன் வாடகை ஏறிவிடும் என்பது மேடத்தின் கட்சி. அங்கிருந்து வாளியைத் தூக்கிக்கொண்டு நடப்போம். ஒருமுறை லிங்கராஜபுரத்தில் தண்ணீர் லாரிக்கு வரிசையில் நின்ற பெண்கள், நாங்கள் புதிதாகக் குடிவந்தவர்கள் என்று நினைத்து வரிசையின் கடைசியைக் கைகாட்டினார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மேடம் மறுபேச்சில்லாமல் அந்த வரிசையில் போய் நின்றார். லாரி வந்து போவதற்குள் தெருவில் எந்த வீட்டில் யார், என்ன வாடகை, எந்த வீட்டுக்காரருக்கு வாய் நீளம் எல்லாம் தெரிந்துகொண்டு, அரை வாளித் தண்ணீரோடு ஜீப்புக்குத் திரும்பினார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் கூடம், படுக்கையறை எதையும் அவர் பார்க்க மாட்டார். நேரே குளியலறை. குழாயடியில் வாளியை வைத்துத் திறந்துவிட்டு வந்து, வீட்டுக்காரரிடம் குடும்ப விஷயம் பேச ஆரம்பிப்பார். பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்ற பேச்சு முடிவதற்குள் வாளி நிறைந்துவிட்டால் நல்ல வீடு. பிள்ளைகள் படித்து முடித்து, வேலைக்குப் போய், கல்யாணத்துக்கு வரன் பார்க்கும் வரை பேச்சு நீண்டால் வாடகையில் பெரிதாக வெட்டு விழும். ஆனால் வீட்டுக்காரர் முகத்துக்கு நேரே ஒரு குறையும் சொல்ல மாட்டார். புகழ்ந்துவிட்டுத்தான் கிளம்புவார். "வெளிச்சம் நல்லா இருக்கு" என்றால் தண்ணீர் இல்லை. "காத்து நல்லா வருது" என்றால் ஜன்னல் மூடவில்லை. வீட்டுக்காரர்கள் பூரித்துப்போய் வாசல் வரை வந்து வழியனுப்புவார்கள். அடுத்த வாரம் அலுவலகத்திலிருந்து போகும் தொகையைப் பார்த்துவிட்டு, அவ்வளவு நல்ல அம்மா கையெழுத்துப் போட்ட வாடகையா இது என்று போனில் புலம்புவார்கள்.

ஒப்பிடுவதற்கான வீடுகளில் உண்மையான வாடகையைக் கறப்பதுதான் பெரும் பாடு. வாடகை எவ்வளவு என்று கேட்டால் யாரும் சரியாகச் சொல்வதில்லை. நம்மைப் பார்த்து வீடு தேடுகிறவன் என்று நினைத்தால் கூட்டிச் சொல்வார்கள், வீட்டுச் சொந்தக்காரன் போலத் தெரிந்தால் குறைத்துச் சொல்வார்கள். காக்ஸ் டவுனில் ஒரு வீட்டில் கணவர் ஒரு தொகை சொன்னார், சமையலறையிலிருந்து மனைவி வேறொரு தொகை சொன்னார். வெளியே வந்ததும் வீட்டுக்காரர் மூன்றாவதாக ஒன்றைச் சொன்னார். தலையைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னிடம் மேடம், "கேக்காதே சம்பத். ராங்கா சொல்லு. கரெக்ட் பண்ணாம யாராலயும் இருக்க முடியாது" என்றார்.

அடுத்த வீட்டிலேயே செய்தும் காட்டினார். கதவைத் திறந்த அம்மாளிடம், நீங்கள்தான் இந்தத் தெருவிலேயே அதிகமாக ஆறாயிரம் கொடுக்கிறீர்களாமே என்று அனுதாபத்தோடு விசாரித்தார். அந்த அம்மாளுக்கு வந்ததே கோபம். எந்தப் புண்ணியவான் அப்படிச் சொன்னது, நாங்கள் கொடுப்பது மூவாயிரத்து இருநூறு, என் கணவர் என்ன ஏமாளியா என்று பொரிந்து தள்ளிவிட்டு, உள்ளே போய் ரசீதையும் எடுத்துவந்து காட்டினார். மேடம் ரசீதைப் பார்க்கக்கூட இல்லை.

எனக்கு இந்த வித்தை மிகவும் பிடித்துவிட்டது. அன்று சாயங்காலமே வீட்டில் என் மனைவி செல்வியிடம் செய்து பார்த்தேன். அவளுடைய புதுப் புடவையைக் காட்டி, ஆயிரம் ரூபாயாமே என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்து, எதற்கு இப்படித் தப்பாகச் சொல்கிறீர்கள் என்று கேட்டாள். மேடத்தின் ரகசியத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டியதாயிற்று. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு முந்நூறு ரூபாய் என்றாள். அது அறுநூறு என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

எங்கள் வீடு ஜீவனஹள்ளியில். கோவிந்தராஜு அண்ணா என்பவரின் வீட்டில் கீழ்த்தளம் எங்களுக்கு, மாடி அவருக்கு. அவர் பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், கோபம் வந்தால் இரண்டும். முன்னறையில் செல்வி தையல் மெஷின் போட்டிருந்தாள். அந்தச் சந்தில் உள்ள பெண்கள் எல்லாருக்கும் ஜாக்கெட் அவள்தான் தைப்பாள். அடுப்பில் குழம்பை வைத்துவிட்டு ஓடிவந்து அளவு கொடுத்துவிட்டுப் போகும் தூரத்தில்தான் அவள் வாடிக்கைக்காரர்கள் இருந்தார்கள். என் சம்பளம் ஒரு சக்கரம் என்றால் அந்த மெஷின் இன்னொன்று. அந்த வீட்டை விட்டால் செல்வியின் தொழிலும் போய்விடும்.

எங்கள் பின்கட்டில் துவைக்கிற கல்லும், ஒரு கறிவேப்பிலை மரமும், வற்றிப்போன கிணறும் உண்டு. மதிலுக்கு அந்தப்பக்கம், அடுத்த தெருவில், நாலு மாடிக்கு ஒரு புது அடுக்ககம் எழும்பியது. ரோஸ்மேரி அபார்ட்மென்ட்ஸ் என்று பெயர் வைத்தார்கள். அதன் பால்கனிகளில் நின்றால் எங்கள் வீட்டுக் கொடியில் என்ன துணி காய்கிறது என்று எண்ணலாம். ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு சொந்தக்காரருக்கு, எல்லாரும் வாடகைக்கு விடுவதற்காகவே வாங்கியவர்கள்.

அங்கே முதல் வீட்டை எங்கள் அதிகாரி ஒருவர் பிடித்தார். விதிப்படி அக்கம்பக்கத்தில் மூன்று வீட்டைப் பார்த்து எழுதினேன். லிஃப்ட், கார் நிறுத்தும் இடம் என்று மேலே கொஞ்சம் போட்டுக் கொடுத்தோம். பிறகு அவருடைய நண்பர் அதே கட்டடத்தில் இரண்டாவது வீட்டைப் பிடித்தார். ஒப்பிட முதல் வீடு கைவசம் இருந்தது. மூன்றாமவர் வந்தபோது இரண்டு வீடு கைவசம் இருந்தது. நாலாமவர் வந்தபோது நான் ஜீப்பில் ஏறக்கூட வேண்டியிருக்கவில்லை, அதே வட்டாரத்தில், அதே அளவில், அதே கட்டடத்திலேயே மூன்று வீடு இருந்தது. இதைவிடப் பொருத்தமான ஒப்பீடு எங்கே கிடைக்கும்? மேலே உள்ள வீட்டுக்குக் காட்சி நன்றாக இருக்கிறது என்று கொஞ்சம் கூட்டிக் கேட்டார்கள். அதைப் பார்த்துக் கீழே உள்ளவர்கள் புதுப்பிக்கும்போது கூட்டிக் கேட்டார்கள். கீழே கூடிவிட்டதே என்று மேலே மறுபடி கேட்டார்கள். என் ஒப்பீடுகள் எல்லாம் அப்பழுக்கில்லாமல் இருந்தன. மேடமும் நம்பிக் கையெழுத்துப் போட்டார்.

ஒருநாள் காலையில் கோவிந்தராஜு அண்ணா காபி டம்ளரோடு கீழே வந்து, எங்கள் வாசல்படியில் நிதானமாக உட்கார்ந்தார். அடுத்த மாதத்திலிருந்து வாடகை இரண்டு மடங்கு என்றார். நான் பதறிப்போய், என்ன அண்ணா, ஒரேயடியாக இப்படி அநியாயமாகக் கேட்கிறீர்கள் என்றேன்.

"நானா கேக்குறேன்? பின்னாடி பில்டிங்குல நீங்களே போய்ப் பார்த்து, சதுரத்துக்கு இது நியாயமான வாடகைன்னு சொல்லியிருக்கீங்களாமே. அந்த ரேட்டுலதான் நானும் கேக்குறேன். அவங்களுக்கு நீங்க சொன்னா நியாயம், எனக்குன்னா அநியாயமா சார்?"

உள்ளே ஓடிக்கொண்டிருந்த மெஷின் சத்தம் நின்றுவிட்டது. அவர் மேலே போனதும் செல்வி வெளியே வந்து, "ஊருக்கெல்லாம் வாடகை சொல்ற ஆளு. நம்ம வாடகையையும் நீங்களே சொல்லிட்டு வந்திருக்கீங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அன்றைக்குச் சாப்பாட்டில் உப்பு இல்லை.

வேறு வீடு தேடினோம். எந்தச் சந்தில் போய்க் கேட்டாலும், பத்து மாத அட்வான்ஸோடு ரோஸ்மேரி ரேட்டையும் சேர்த்துச் சொன்னார்கள். நான் நியாயம் என்று எழுதிக் கொடுத்த வாடகை எனக்கு முன்னால் போய் ஒவ்வொரு வாசலிலும் நின்றுகொண்டிருந்தது. ஒரு புரோக்கர் எங்கள் நிலைமையைக் கேட்டுவிட்டு, ஓசூர் எல்லையில் அத்திபெலே பக்கம் போய்விடுங்கள், பாதி வாடகைக்குத் தனி வீடே கிடைக்கும், அங்கே எல்லாரும் தமிழ்தான் என்றார். ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க என் ஆட்கள் ஓசூர் பஸ் பிடித்து வருவார்களா என்று செல்வி கேட்டாள். அந்த வாரம் முழுவதும் அவள் தைக்கப் புதுத் துணி எதையும் வாங்கிக்கொள்ளவில்லை, வந்தவர்களை எல்லாம் அடுத்த மாதம் பார்க்கலாம் என்று திருப்பி அனுப்பினாள்.

அலுவலகத்தில் ரோஸ்மேரியின் அடுத்த புதுப்பித்தல் என் மேசைக்கு வந்தது. ஒப்பிட மூன்று வீட்டைப் பொறுக்க உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. மூன்றுமே எங்கள் நிறுவனம் எடுத்தவை. அந்த மூன்றையும் வேறு எதோடு ஒப்பிட்டேன் என்று யோசித்தால் அவையும் எங்களுடையவை. வெளியாள் ஒருவன்கூட அந்த வாடகையைக் கொடுக்கவில்லை. நாங்கள் கொடுப்பதால் அது நியாயம், நியாயம் என்பதால் நாங்கள் கொடுக்கிறோம் என்று ஆகியிருந்தது.

மேடத்திடம் சொல்வதா வேண்டாமா என்று தயக்கம். சொன்னால், சொந்த வாடகையைக் குறைக்கக் கதை கட்டுகிறான் என்று ஆகிவிடும். சொல்லாவிட்டால் வீடு போய்விடும். கடைசியில் போய் இரண்டையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "உன் வீட்டு ஓனர் வாடகை ஏத்துறார்னு சொல்றியா, ஆபீஸ் வாடகை தப்புன்னு சொல்றியா?"

"ரெண்டும் ஒண்ணுதான் மேடம்."

அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு, அந்தப் பக்கத்தில் சொந்தப் பாக்கெட்டிலிருந்து வாடகை கொடுக்கும் ஆள் யாரையாவது உனக்குத் தெரியுமா என்றார். நன்றாகத் தெரிந்தவன் என்றால் நான்தான் என்றேன்.

"அப்போ உன் வீடுதான் மெயின் கம்பாரிசன், மத்த ரெண்டும் பேருக்குத்தான். நாளைக்கு வாளியை எடுத்து வெச்சுடு."

என் வீட்டை நானே எப்படி ஒப்பீட்டுக்குக் காட்டுவது என்று கேட்டேன். அதனால்தான் நான் வருகிறேன், நீ உள்ளே வரக்கூடாது, வெளியே நில் என்றார்.

மறுநாள் என் வீட்டுக்கு வெளியே, முன்னறை ஜன்னலோரம் நான் நின்றேன். செல்வி விடியற்காலையிலேயே வீட்டைக் கழுவித் துடைத்து, குளியலறையில் ஊதுபத்திகூட ஏற்றி வைத்திருந்தாள். கோவிந்தராஜு அண்ணா இஸ்திரி போட்ட சட்டையில் இறங்கி வந்தார். பெரிய ஆபீஸ் தன் வீட்டை லீஸுக்கு எடுக்கத்தான் வருகிறது என்று அவர் நினைத்திருந்தார். சுவரைத் தட்டிக் காட்டினார், தேக்குக் கதவைத் திறந்து மூடிக் காட்டினார். மேடம் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, குழாயடியில் வாளியை வைத்தார். பிள்ளைகள் படிப்பு பேசினார்கள். பிள்ளைகள் வேலை பேசினார்கள். ஒரு மகளின் கல்யாணமும் முடிந்தது. மேடம் தூக்கிவந்த வாளியில் ஒரு சாண் தண்ணீர்கூட இல்லை.

மேடம் பின்கட்டுக்குப் போனார். நானும் வெளியே சுற்றிக்கொண்டு பக்கச் சந்து வழியாகப் போய் நின்றேன். அவர் கிணற்றை எட்டிப் பார்த்தார், பிறகு அண்ணாந்து ரோஸ்மேரி பால்கனிகளைப் பார்த்தார். குரலில் பக்தியோடு, "உங்க கிணத்துத் தண்ணியைத்தான் பின்னாடி பில்டிங்குக்கு விட்டுக் குடுத்தீங்களாமே. பெரிய மனசு உங்களுக்கு" என்றார்.

கோவிந்தராஜு அண்ணாவின் முகம் கறுத்தது. "யார் மேடம் சொன்னது? நான் விட்டுக் குடுத்தேனா? அவங்க போர் போட்டதும் என் கிணறு ஆய்த்து, முடிஞ்சுது. எங்கப்பா வெட்டின கிணறு மேடம். நியாயம் கேக்கப் போனேன். உள்ளேகூடக் கூப்பிடல. கேட்டுக்கு வெளியவே நிக்க வெச்சு அனுப்பிட்டாங்க."

இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும் இது எனக்குத் தெரியாது. வெயிலில் வற்றிய கிணறு என்றே நினைத்திருந்தேன். அவர் சொன்னதைக் கேட்டபோது, என் வாடகைக் கவலையை மீறி அவர்மேல் பரிதாபம் வந்தது.

மேடம் வருத்தம் தெரிவித்துவிட்டு, இனிமேல் அந்தக் கட்டடத்தின் வாடகையை இந்த வீட்டு வாடகையை வைத்துத்தான் எங்கள் ஆபீஸ் முடிவு செய்யும் என்றார். வாடகையை ஏற்றுவது உங்கள் இஷ்டம், யாரும் தடுக்க மாட்டார்கள், இங்கே ஏறினால் அங்கேயும் ஏற்றிக் கொடுத்துவிடுவோம் என்றும் சொன்னார்.

கோவிந்தராஜு அண்ணா பால்கனியைப் பார்த்தார். அங்கே யாரோ ஒருவர் பல் விளக்கிக்கொண்டிருந்தார், நல்ல தண்ணீரில்.

"நான் ஏத்தலைன்னா?"

"அவங்களுக்கும் ஏறாது."

அவர் கொஞ்ச நேரம் அந்தக் கிணற்றுச் சுவரைத் தடவிக்கொண்டு நின்றார். பிறகு மாடியைப் பார்த்து, மேடத்துக்கு ஸ்ட்ராங்காக ஒரு காபி கொண்டுவரச் சொல்லிக் குரல் கொடுத்தார். ஜீப்புக்கு நடந்து போகும்போது, மேடம் இதையெல்லாம் தெரிந்துதான் செய்தாரா என்று கேட்க எனக்கு நாக்கு துடித்தது. கேட்கவில்லை. அவரே என் பக்கம் திரும்பி, "உன் வீட்டுல வெளிச்சம் நல்லா இருக்கு சம்பத்" என்றார்.

என் வாடகை ஏறவில்லை. அடுத்த புதுப்பித்தலில் ரோஸ்மேரி வாடகைகள் இறங்கின, சண்டை போட்டவர்களிடம் மேடம் கோவிந்தராஜு வீட்டைக் கைகாட்டினார். அதன் பிறகு எங்கள் வாசலில் நடந்த கூத்துக்கு அளவில்லை. வீட்டுச் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகப் பழத்தட்டோடு வந்து, வாடகையை ஏற்றச் சொல்லிக் கோவிந்தராஜு அண்ணாவைக் கெஞ்சினார்கள். அவர் ஒருவரையும் உள்ளே கூப்பிடவில்லை. கேட்டுக்கு வெளியே நிற்க வைத்தே பேசுவார். தெருவுக்கே கேட்கும்படி, "சம்பத் சார் பாவம், நல்ல மனுஷர், அவர்கிட்ட எப்படி ஏத்துறது" என்பார். பழத்தை மட்டும் வாங்கிக்கொள்வார். அதில் பாதி எங்களுக்கு வரும். ஒருவர் இன்னும் ஒருபடி மேலே போய் என்னிடமே வந்தார். நீங்களாகவே கூட்டிக் கொடுத்துவிடுங்கள், அதிகப்படி ஆகும் தொகையை மாதாமாதம் நான் உங்களுக்குத் தந்துவிடுகிறேன் என்றார். செல்வி அவருக்கு மோர் கொடுத்து அனுப்பினாள்.

வருடங்கள் ஓடின. சாஃப்ட்வேர் பிள்ளைகள் வந்து இறங்கினார்கள். ஜீவனஹள்ளியில் ஆட்டுக்கொட்டகைகூட வாடகைக்குப் போயிற்று. மேடம் ஓய்வு பெற்றுப் போனார், சிவப்பு வாளி என் பொறுப்புக்கு வந்தது. சந்தில் எங்கள் வாடகை மட்டும் அசையவே இல்லை. என்னைப் பார்த்து அக்கம்பக்கத்தார் பொறாமைப்பட்டார்கள். எனக்குச் சில சமயம் கூச்சமாகவும் இருக்கும், ஆனால் அந்தக் கூச்சத்துக்காக வாடகையைக் கூட்டிக் கொடுக்கும் அளவுக்கு நான் நல்லவன் இல்லை.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன் பிரிவையே மூடிவிட்டார்கள். வீட்டு வாடகைப் படியைச் சம்பளத்தோடு கொடுத்துவிடுவார்கள், அதிகாரி எந்த வாடகைக்கு வேண்டுமானாலும் போகலாம். இனி யாரும் எதையும் ஒப்பிடப் போவதில்லை. எங்கள் வாடகையைக் கட்டிப் போட்டிருந்த கயிறும் அறுந்துவிட்டது. கோவிந்தராஜு அண்ணாவுக்கு இது ரோஸ்மேரி வழியாகத் தெரிவதைவிட நானே சொல்லிவிடுவது மரியாதை என்று செல்வியிடம் சொன்னேன். அவள் ஊசியில் நூல் கோத்தபடியே யோசித்தாள். நானும் வருகிறேன் என்றாள்.

மாடிக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். அவருக்கும் வயதாகிவிட்டிருந்தது, நாற்காலியில் இருந்தபடியே கேட்டார்.

"அப்போ இனிமே நான் ஏத்தினாலும் அவங்களுக்கு லாபம் இல்ல."

இல்லை என்றேன்.

"இறக்கினாலும் நஷ்டம் இல்ல."

அதுவும் இல்லை என்றேன். அவர் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே சந்தில் உள்ள வீடுகளை ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தார். என்ன கணக்கு ஓடுகிறது என்று தெரிந்தது. பென்ஷனில் அந்தச் சந்தின் வாடகையைக் கொடுக்க எங்களால் ஆகாது.

அப்போது செல்வி, "ஏத்துங்கண்ணா. எல்லாரும் ஏத்தியாச்சு. பின்னாடி பில்டிங்குலகூடச் சொல்லிட்டிருக்காங்க, கடைசியில கோவிந்தராஜு நாங்க சொன்ன வழிக்குத்தான் வந்தாகணும்னு" என்றாள்.

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். அப்படி யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

"யாரும்மா சொன்னது?"

"பால்கனில நின்னு பேசிக்கிட்டாங்கண்ணா. சிரிச்சுக்கிட்டு."

கோவிந்தராஜு அண்ணா எழுந்தார். கைப்பிடிச்சுவர் ஓரமாகப் போய் ரோஸ்மேரியைப் பார்த்தார். ஒரு பால்கனியில் பையன் ஒருவன் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். அவன் குடிவந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. அண்ணா அவன் பக்கம் பார்த்தபடியே உரத்த குரலில், "சம்பத் சார், யார் என்ன சொன்னாலும் வாடகை ஒரு பைசா ஏத்த மாட்டேன். நீங்க இருக்கிற வரைக்கும் இதே வாடகைதான்" என்றார். பையன் மிரண்டுபோய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

படி இறங்கும்போது, இதை எங்கே கற்றுக்கொண்டாய் என்று செல்வியிடம் மெதுவாகக் கேட்டேன். "அன்னிக்குப் புடவை வெலை கேட்டீங்களே, அப்போ" என்றாள்.

அதே வீட்டில்தான் இன்னும் இருக்கிறோம். தையல் மெஷினும் ஓடுகிறது. சாயங்காலம் துணி எடுக்கப் பின்கட்டுக்குப் போகும்போதெல்லாம் செல்வி அண்ணாந்து ரோஸ்மேரி பால்கனிகளைப் பார்ப்பாள். யாராவது நின்றுகொண்டிருந்தால் நிம்மதியாக உள்ளே வருவாள். சேர்ந்தாற்போல் நாலைந்து நாள் ஒருவரும் தென்படாவிட்டால் அவளுக்குக் கவலை பிடித்துக்கொள்ளும். ஏதாவது பலகாரம் செய்து எடுத்துக்கொண்டு போய், மதிலோரம் நின்று மேலே குரல் கொடுப்பாள். போன பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கல் கொண்டுபோய்க் கூப்பிட்டாள். நாலு வீட்டு ஆட்களும் பால்கனிக்கு வந்து சிரித்துக்கொண்டு நின்றார்கள். எங்கள் மாடியிலிருந்து கோவிந்தராஜு அண்ணா அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். இந்த வருடமும் வாடகை ஏறவில்லை.